விட்டுப் பிடிக்கும் கயிறு

பழைய பாய்ப்படகில் பாய் கிழிந்தால் கரையில் நிற்பவருக்கும் தெரியும். கப்பி தேய்ந்தால் கயிற்றைப் பிடித்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். என் நண்பரின் படகில் கயிற்றைப் பிடிக்கும் வேலை எனக்கு. 1980-களில் வார்த்த ஃபைபர் படகு, 30 அடி நீளம். மேலே பொருத்திய சாமான்களும் ஏறக்குறைய அதே வயது.

அந்தப் படகின் முன்பாய்க்கு ஜிப் என்று பெயர். அதன் பின்மூலையிலிருந்து இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு கயிறுகள் வரும், ஷீட் என்பார்கள். ஒவ்வொன்றும் தளத்தின் ஓரத் தண்டவாளத்தில் நகரும் ஒரு கப்பியில் நுழைந்து, பின்னால் இன்னொரு கப்பியில் திரும்பி, வின்ச் என்ற உருளையில் சுற்றிக்கொண்டு கைக்கு வந்து சேரும். காற்றுக்கு எதிராகப் போக வேண்டுமென்றால் படகு வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கக் கயிற்றை விட்டுவிட்டு மறுபக்கத்தை இழுக்க வேண்டும். எங்கள் படகில் இழுப்பதும் கஷ்டம், விடுவதும் கஷ்டம். தண்டவாளக் கப்பியை நகர்த்த வேண்டுமானால் அதன் ஊசியைத் தூக்க வேண்டும். கயிற்றில் பாரம் இருக்கும்போது அந்த ஊசி அசையாது. எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று நண்பர் ஒரு பட்டியல் போட்டார். அதன் கூட்டுத்தொகையை அவர் வீட்டம்மாவிடம் சொல்லவில்லை.

கயிற்றில் எவ்வளவு பாரம் வரும் என்பதற்குச் சாமான் செய்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. பாயின் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்துக்கொண்டு, காற்றின் வேகத்தை நாட் கணக்கில் வைத்து இருமுறை பெருக்கி, கடைசியில் 0.021-ஆல் பெருக்கினால் கிலோவில் விடை கிடைக்கும். 25 சதுர மீட்டர் பாய்க்கு 10 நாட் காற்றில் 50 கிலோ சொச்சம். 20 நாட்டில் 210 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் பாரம் நான்கு மடங்கு. அந்தக் கயிறு செங்கோணமாகத் திரும்பும் கப்பியின் மேல் 300 கிலோ ஏறும். வந்த வழியே முழுதாகத் திரும்பினால் 420. இத்தனையையும் தளத்தோடு பிடித்துவைத்திருப்பவை விரல் தடிமன்கூட இல்லாத சில போல்ட்டுகள்.

பட்டியல் இப்படிக் கையில் இருந்தபோது பழவேற்காட்டுக்கு நாங்கள் போனது நண்டு வாங்க. ஆனால் படகுப் பைத்தியம் பிடித்த இருவர் ஏரிக்கரையில் நின்றால் கண் எங்கே போகும்? ஏரி தெற்கு வடக்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது, பெரும்பகுதி ஆந்திரத்தில். பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். 1613-இல் இங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களின் கப்பல்களும் வெளியே கடலில்தான் நங்கூரம் போட்டு நின்றன. துணி மூட்டைகளைக் கொண்டுபோய் ஏற்றியவை உள்ளூர்ப் படகுகள். பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து மணல்திட்டைத் தாண்டி ஏரிக்குள் இறங்குகிறது. ஏரியோ தெற்கு வடக்கு. அதனால் போகும்போதும் விலாவில் காற்று, திரும்பும்போதும் விலாவில் காற்று. எதிர்காற்றில் ஏறும் பாடு அதிகமில்லாத இடத்தில் முன்பாய் எதற்கு? இங்குள்ள மீனவர்களின் பாய்ப்படகில் இருப்பது ஒரு கம்பு, ஒரு பாய், ஒரு கயிறு. எங்கள் பட்டியலில் இருந்த சாமான் ஒன்றுகூட அந்தப் படகுகளில் இல்லை.

கோட்டைக்குப்பத்துப் பக்கம் ஒரு பெரியவர், பேச்சு வாக்கில் எங்களைப் படகில் ஏற்றிக்கொண்டார். பிளாஸ்டிக் விரிப்பைத் தைத்துச் செய்த பாய். அதன் கயிற்றைக் குறுக்குக் கட்டையில் அரைச்சுற்று விட்டு, நுனியைக் கையில் வைத்திருந்தார். அவ்வளவுதான். நண்பருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "அண்ணே, இதை எங்கயாவது கட்டி வெச்சுட்டா கைக்கு ஓய்வு கிடைக்குமே" என்றார்.

"கட்டிட்டா, காத்து திடீர்னு தூக்கறப்ப யாரு சார் அவுக்கறது?" என்றார் பெரியவர். சொல்லி முடிப்பதற்குள் ஒரு வீச்சு வந்தது. அவர் கை மெதுவாக நெகிழ்ந்தது. கட்டையைச் சுற்றிக் கயிறு ஒரு முழம் ஓடியது. சாயப்போன படகு நிமிர்ந்தது. பேச்சை அவர் நிறுத்தவே இல்லை.

அந்த அரைச்சுற்றுக்குள் ஒரு கணிதம் இருக்கிறது. கட்டையில் கயிறு எவ்வளவு கோணம் சுற்றுகிறதோ, அதற்கேற்பக் கைக்கு வரும் பாரம் குறையும்; அதுவும் கழித்தலாக அல்ல, வகுத்தலாக. 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் இதைச் சூத்திரமாக்கினார். உராய்வு நடுத்தரமாக இருந்தால் அரைச்சுற்றில் பாரம் பாதிக்கும் கீழே போகும். மூன்று சுற்றில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. வின்ச் செய்வதும் இதைத்தான். பல்சக்கரமும் கைப்பிடியும் இழுப்பதற்கு; பிடித்து நிற்பது உருளையின் மேல் கயிறு சுற்றிய உராய்வு. ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் உருளையின் பாதி வேலையைப் பெரியவரின் கட்டை சம்பளம் இல்லாமல் செய்துகொண்டிருந்தது.

இதை வைத்துப் பழையதே சிறந்தது என்று பாடக் கிளம்புகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கட்சியில் இடம் வேண்டாம். பழவேற்காட்டில் எல்லாமே மாறியிருக்கிறது. இந்தக் கரையோரத்துக் கட்டுமரங்களில் மரப்பட்டைச் சாயம் ஏற்றிய பருத்திப் பாயும் தேங்காய் நார்க் கயிறும் இருந்த காலம் போய், மக்காத பிளாஸ்டிக்கும் நைலானும் வந்தன. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகளும் மோட்டாரும் பெருகின. கை வலிக்காத, காசு மிச்சமாகிற எதையும் மீனவர்கள் வேண்டாம் என்று சொன்னதில்லை. கயிற்றை மாற்றினார்கள், பாயை மாற்றினார்கள். கயிற்றின் நுனியை மட்டும் கையைவிட்டு எங்கும் கட்டவில்லை.

நடுக்கடல் வேறு கதை. புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமியும் கேரளத்தின் தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து தாரிணி என்ற 56 அடிப் பாய்ப்படகில் கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார்கள். ஆளே இரண்டு பேர். ஒருவர் தூங்கும்போது மற்றவர்தான் எல்லாம். அங்கே நாள் முழுக்கக் கயிற்றைக் கையில் வைத்திருக்க முடியுமா? பிடித்துக்கொள்ளும் சாமான் இல்லாமல் அப்படி ஒரு பயணமே இல்லை. எங்களுடையதோ கரை தெரியும் தூரத்தில் சுற்றிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பும் படகு.

நண்பர் பட்டியலை மறுபடி எடுத்தார். இந்த முறை ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே ஒரு கேள்வி: பாரம் இருக்கும்போது இதை ஒரு கையால் விட முடியுமா? ஊசிக் கப்பி அதில் தோற்றது. அதற்குப் பதில் சிறு கயிற்றால் இழுத்தும் தளர்த்தியும் நகர்த்தக்கூடிய, குண்டு பேரிங் வைத்த கப்பி. பாய் மூலையில் இருந்த இரும்புக் கொக்கி போயிற்று. பாய் படபடக்கும்போது அது தலையில் பட்டால் மண்டை உடையும். கயிற்றையே முடிச்சுப் போட்டுக் கட்டினோம். கயிறு பாலியெஸ்டர்; நைலான் நீண்டு கொடுக்கும் என்பதால் நங்கூரத்துக்கு நல்லது, பாய்க்கு ஆகாது. கயிற்று நுனியைத் தானே கவ்விக்கொள்ளும் புது வின்ச்தான் பட்டியலிலேயே விலை அதிகம். கவ்வியதிலிருந்து கயிற்றை உருவ இன்னொரு அசைவு வேண்டும் என்று சொல்லி நண்பர் அதை அடித்தார். விலையும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம்.

மிச்சமான பணம் வேறு இடத்தில் போயிற்று. பழைய தண்டவாளத்தைக் கழற்றியபோது போல்ட் துளைகளிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தது. தளத்தின் இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவில் இருந்த பால்சா மரம் ஊறிப்போயிருந்தது. அதன்மேல் எந்தக் கப்பியை வைத்தாலும் அந்தப் பாரத்தைத் தாங்குவது சொதசொதத்த மரம். நைந்ததைச் சுரண்டி எடுத்து, காயவிட்டு, துளைகளைப் பெரிதாக்கி எபாக்ஸி ஊற்றி, அது இறுகியபின் நடுவில் மறுபடி துளையிட்டு, அடியில் அகலமான தகடு கொடுத்து முடுக்கினோம். பழைய வின்ச்சுகளைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவினோம். பல்சக்கரங்களுக்குக் கிரீஸ். உள்ளே டிக் டிக் என்று விழும் சின்ன நாக்குகளுக்குக் கிரீஸ் கூடாது, ஒட்டிக்கொள்ளும். மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும். அவற்றின் ஸ்பிரிங்குகளை மட்டும் புதிதாக வாங்கினோம். அந்தப் பில்லை நண்பர் வீட்டில் தைரியமாகக் காட்டினார்.