நானூறு பேர் இருந்த நோட்டு

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். திருக்கழுக்குன்றத்திலிருந்து எனக்குப் பல வருடமாகப் பழக்கமான மேஸ்திரியும் அவர் மகனும் வந்திருந்தார்கள். மேஸ்திரிக்கு இப்போது சாரம் ஏற முடியாது. வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு மகனுக்கு யோசனை சொல்வதோடு சரி.

இருபது லிட்டர் வாளியைத் திறந்ததும் அந்தப் பையன் பிரஷ்ஷை எடுக்கவில்லை, போனை எடுத்தான். வாளிக்குள் இருந்த சீட்டைத் துடைத்து, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தான். போன் ‘டிங்’ என்றது. "தாத்தா, அந்த அண்ணா எதுக்குப் பெயிண்ட் வாளியைப் போட்டோ எடுக்கறாங்க?" என்று பேத்தி கேட்டாள். மேஸ்திரி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இத்தனை நாள் எழுதத் தயங்கிக்கொண்டிருந்தேன்.

நான் 1981ல் ஒரு சிறிய பெயிண்ட் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்ந்தேன். 33 வருடமும் செங்கல்பட்டு வட்டாரம்தான். செங்கல்பட்டில் ஆரம்பித்து, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கிருந்து கடலோரமாகக் கல்பாக்கம், புதுப்பட்டினம் என்று சுற்றி வருவேன். முதலில் பஸ், பிறகு டிவிஎஸ் 50, கடைசியில் ஸ்கூட்டர்.

எங்கள் தொழிலின் முதல் பாடம் இது: வீட்டுக்காரர் நிறத்தைத் தேர்ந்தெடுப்பார், கம்பெனியைத் தேர்ந்தெடுப்பவர் பெயிண்டர். "எது நல்லா இருக்கும் மேஸ்திரி?" என்று வீட்டுக்காரர் கேட்கும் அந்த ஒரு நிமிடத்தில் அவர் வாயில் எந்தப் பெயர் வருகிறதோ, அதுதான் விற்கும். அதனால் எங்களுக்கு உண்மையான வாடிக்கையாளர் வீட்டுக்காரரும் இல்லை, கடைக்காரரும் இல்லை. சட்டையில் பெயிண்ட் சொட்டோடு டீக்கடையில் நிற்கும் அந்த மனிதர்தான்.

இதை இந்தியாவில் பெரிய அளவில் செய்து காட்டியது ஃபெவிகால். அதற்கு முன்பு தச்சர்கள் வஜ்ரத்தைத்தான் பசையாக வைத்திருந்தார்கள். மாட்டுத் தோல், எலும்பு இவற்றிலிருந்து எடுப்பது அது. ஒவ்வொரு தடவையும் அடுப்பில் வைத்து உருக்க வேண்டும், நாற்றம் வேறு. 1959ல் பல்வந்த் பாரேக்கின் கம்பெனி வெள்ளைப் பசையைக் கொண்டு வந்தபோது, கடைகளில் அடுக்கிவிட்டுக் காத்திருக்கவில்லை. நேராகத் தச்சர்களிடம் போனார்கள், கையில் கொடுத்து ஒட்டிப் பார்க்கச் சொன்னார்கள். உருக்கும் வேலை மிச்சம் என்று தச்சருக்குப் புரிந்த பிறகு விளம்பரம் சுலபமாகிவிட்டது.

எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிக்கு அவ்வளவு வசதி ஏது? எங்களிடம் இருந்தது கால்நடைதான். காலை ஏழு மணிக்குள் டீக்கடைக்குப் போய்விட வேண்டும். கொத்தனார், சித்தாள், பெயிண்டர் எல்லோரும் வேலைக்குக் கிளம்பும் நேரம் அது. எட்டரைக்குப் போனால் கடையில் ஈதான் இருக்கும். வருடத்துக்கு இரண்டு முறை கல்யாண மண்டபத்தில் மேஸ்திரி மீட்டிங் போடுவோம். ஆடி மாதத்தில் கிரகப்பிரவேசம் கிடையாது, வேலை குறைவு, அதனால் எல்லோரும் வருவார்கள். போண்டா, டீ, ஆளுக்கு ஒரு பட்டித் தகடு, ஒரு துண்டு. துண்டில் கம்பெனி பெயர் இருக்கும், அது தலைப்பாகையாக மாறி ஊரெல்லாம் சுற்றும். அதைவிட மலிவான விளம்பரத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

அந்த அலைச்சலில் நான் கொடுத்ததைவிட வாங்கியது அதிகம். மாமல்லபுரம் பக்கம் கடலோர வீடுகளில் எங்கள் பெயிண்ட் ஒரே வருடத்தில் செதில் செதிலாக உரிந்துவிடும். கம்பெனிக்கு எழுதினால், ‘அடித்த முறை சரியில்லை’ என்று பதில் வரும். இந்த மேஸ்திரிதான் ஒருநாள் என்னைச் சுவர் அருகே கூட்டிப்போய், விரலால் தடவி நாக்கில் வைக்கச் சொன்னார். உப்பு! "கடல்காத்து கொண்டாந்து அப்பின உப்பு சார். நல்லாத் தேச்சுக் கழுவி, காயவெச்சு, அப்புறந்தான் பிரைமர். இதைப் போயி உங்க டப்பாமேல தமிழ்ல போடுங்க" என்றார். கேட்டு (கதவைச் சொல்கிறேன்), கம்பி எல்லாவற்றுக்கும் ரெட் ஆக்சைடை இரண்டு கை அடிக்கச் சொன்னவரும் அவர்தான். அன்றிலிருந்து கடலோரம் போகும்போதெல்லாம் அவருடைய பாடத்தை என்னுடையது போலச் சொல்லி நல்ல பெயர் வாங்கினேன்.

இதையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பெயர், ஊர், பிறகு போன் நம்பர். 2003ல் செல்போனுக்கு வரும் அழைப்பு இலவசம் ஆன பிறகு, மேஸ்திரிகள் ஒவ்வொருவராகப் போன் வாங்கினார்கள். பக்கத்தில் குறிப்பும் இருக்கும். ‘சனிக்கிழமை கூலி போடுகிற நாள், பேசாதே.’ ‘மகளுக்கு வைகாசியில் கல்யாணம்.’ ‘எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், வாயால் சொல்.’ சுனாமிக்குப் பிறகு சில பெயர்களுக்குப் பக்கத்தில், ‘வீடு போய்விட்டது, ஆர்டர் கேட்காதே’ என்று எழுதியிருந்தேன். மொத்தம் நானூறு பேருக்கு மேல்.

மிஸ்டு கால் காலம் வந்தது. ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தால், கம்பெனியிலிருந்து திருப்பி அழைத்துத் தமிழில் பேசும். மேஸ்திரிகளுக்குக் காசு செலவில்லை, படிக்கவும் வேண்டாம். இந்த யோசனை அவர்களுடைய வழக்கத்திலிருந்தே எடுத்தது. ‘வேலை முடிஞ்சுது, வண்டி அனுப்பு’ என்பதை ஒரு மிஸ்டு காலில் சொல்லிவிடுகிறவர்கள் அவர்கள். அதனால் அது நன்றாகவே ஓடியது.

2014ல் ஓய்வு பெற்றேன். கடைசி வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞர் லேப்டாப்போடு வந்தார். மரியாதையான பிள்ளை. "சார், உங்ககிட்ட இருக்கிற கான்டாக்ட்ஸ் எல்லாம் சிஸ்டத்துல ஏத்தணும்" என்றார். நோட்டைக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். குறிப்புகளைக் காட்டி, "இதெல்லாமும் எழுதிக்கறீங்களா?" என்று கேட்டேன். "வேண்டாம் சார், நம்பர் மட்டும் போதும்" என்றார்.

எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த வாரமே முக்கியமான மேஸ்திரிகளுக்கு நானே போன் செய்து, "இனிமே கம்பெனியிலேர்ந்து மெசேஜ் வரும், கால் வரும். நம்ம ஆளுங்கதான், நம்பலாம்" என்று சொன்னேன். அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் நம்பரைக் கொடுத்தேனா என்றால், இல்லை. என் நோட்டு, என் இஷ்டம் என்று நினைத்துவிட்டேன். நோட்டு என்னுடையதுதான், நம்பர்கள் அவர்களுடையவை.

மெசேஜ் வரத் தொடங்கியது. எல்லாம் ஆங்கிலத்தில், காலை பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில் பெயிண்டர் சாரத்தின் மேல் இருப்பார், இரண்டு கையும் ஈரமாக இருக்கும். எனக்குத் தெரிந்து ஒருவர்கூட அதைப் படிக்கவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு இளவட்டங்கள் கையில் ஸ்மார்ட் போன் வந்தது. வாளிக்குள் கிடந்த டோக்கன் க்யூஆர் கோடாக மாறியது. ஸ்கேன் செய்தால் பாயின்ட், பாயின்ட் சேர்ந்தால் பணம்.

இதில் நல்லது இல்லை என்று சொல்ல மாட்டேன். பழைய டோக்கனைக் கடையில் கொடுத்துக் காசாக்கும்போது கழிவு போகும். சில இடங்களில் கான்ட்ராக்டரே எடுத்து வைத்துக்கொள்வார். இப்போது ஸ்கேன் செய்கிறவன் கணக்குக்கு நேராகப் பணம் போகிறது. மேஸ்திரியின் மகன் தண்ணீர்க் கசிவுக்கு மருந்து அடிப்பதைத் தமிழ் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டான். நான் பத்து மீட்டிங் போட்டும் சொல்ல முடியாததை அவன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்துவிட்டான். ஆனால் பட்டன் போன் வைத்திருந்த வயதானவர்களுக்கு டோக்கனும் போயிற்று, பாயின்டும் வரவில்லை. அதனாலேயே மேஸ்திரியும் ஒரு ஸ்மார்ட் போன் வாங்கினார்.

2022 ஆகஸ்டில், மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்துகொண்டிருந்த சமயம். அதற்கு முந்தைய வாரங்களில் அந்தப் பக்கம் பெயிண்டர்களுக்கு நல்ல வேலை. மேஸ்திரி கையிலும் கொஞ்சம் பணம் சேர்ந்திருந்தது. அப்போது ஒரு போன் வந்திருக்கிறது. அவர் பெயரைச் சொல்லி, "பெயிண்டர்தானே, உங்க பாயின்டுக்கு நாலாயிரம் ரூபாய் வந்திருக்கு, இப்ப போன்ல ஒண்ணு வரும், பின் நம்பரை அமுக்குங்க" என்றிருக்கிறார்கள். அமுக்கினார். நாலாயிரம் வரவில்லை, பதினோராயிரம் போனது.

எனக்குத் தெரிய நான்கு நாள் ஆனது. மகன்தான் சொன்னான். 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு அழைத்தோம், வங்கிக்குப் போனோம். அதற்குள் பணம் கை மாறிவிட்டது. திரும்ப வரவில்லை. அவர் நம்பர் எத்தனையோ கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் போயிருக்கும். என் நோட்டும் அதில் ஒன்று, அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு திருக்கழுக்குன்றம் போனேன். "முன்பின் தெரியாதவன் சொன்னா அமுக்கிடுவீங்களா மேஸ்திரி?" என்று கொஞ்சம் உரிமையோடு கோபித்துக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. "கம்பெனியிலேர்ந்து வந்தா நம்பலாம்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றார்.

எட்டு வருடத்துக்கு முன்னால் போனில் நான் சொன்ன ஒரு வாக்கியம். எனக்கு மறந்தே போயிருந்தது. அவர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். அவர் மனைவி காபி கொண்டு வந்து வைத்தார். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அந்தப் பணத்தில் பாதியையாவது நான் தருகிறேன் என்றேன். வாங்க மறுத்துவிட்டார். "அதை விடுங்க சார். இந்தப் போனை எப்படி வெச்சிக்கிறதுன்னு சொல்லிக்குடுங்க, போதும்" என்றார். அதன் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் போனேன். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், நம் வயதுக்காரர்களுக்கும் உதவும். நமக்குப் பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் போகும், வராது. வாளிக்குள் இருக்கும் கோடைக் கம்பெனியின் ஆப்பில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும், பணம் அனுப்பும் ஆப்பில் அல்ல. யாராவது அவசரப்படுத்தினால் போனை வைத்துவிட வேண்டும். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் வெட்கப்படாமல் உடனே 1930க்கு அழைக்க வேண்டும், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். விளம்பரத் தொல்லை வேண்டாம் என்றால் 1909ல் பதிவு செய்துகொள்ளலாம்.

2023ல் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஒருவருடைய விவரத்தை வாங்கும்போது, எதற்கு என்று சொல்லி அவர் சம்மதத்தோடு வாங்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த லேப்டாப் இளைஞர் ஞாபகம் வரவில்லை. நானூறு பேரில் ஒருவரையும் கேட்காமல் நோட்டை நீட்டிய என் கைதான் ஞாபகம் வந்தது.

இப்போது இந்த வேலையில் இருக்கும் பிள்ளைகள் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், பெரிதாக ஒன்றும் சொல்ல மாட்டேன். தமிழில் அனுப்புங்கள். முடிந்தால் குரலில் அனுப்புங்கள். அவர் சாரத்திலிருந்து இறங்கிய பிறகு அனுப்புங்கள். கேட்டுவிட்டு அனுப்புங்கள். ‘நம்பர் மட்டும் போதும்’ என்று மட்டும் நினைக்காதீர்கள். பக்கத்தில் எழுதியிருந்த குறிப்புகளால்தான் அந்த நம்பருக்கு ஆள் பதில் சொன்னார்.

பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். "அந்த வாளி வாங்கினதுக்கு அண்ணாவுக்கு மார்க் போடறாங்கம்மா" என்று சொல்லி வைத்தேன். சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பும்போது மேஸ்திரியின் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தார், அமுக்கவில்லை. என்னிடம் நீட்டி, "இது இன்னா சொல்லுது, படிங்க சார்" என்றார்.

மின்கட்டண மெசேஜ்தான். படித்துச் சொன்னேன்.