வண்டிக்குப் பெயருண்டு

பழைய படத்திலுள்ள மோட்டார் வண்டி இன்னதென்று கண்டறிவதில் எனக்கு நெடுநாளைய விருப்பமுண்டு. உறுப்புகளை ஒவ்வொன்றாய் ஒப்பிட்டுப் பார்ப்பதே அதற்கு வழி. 1916 வரை வந்த டி மாடல் போர்டு வண்டிக்கு ரேடியேட்டர் பித்தளை. 1917 முதல் கறுப்பு. மாரிஸ் வண்டிக்கு 1926 வரை உருண்ட மூக்கு. பின்பு தட்டை முகம். இங்கிலாந்தில் 1908இல் தொடங்கிய லண்டன் - லாண்ட்ஸ் எண்ட் சோதனை ஓட்டம் போன்றவற்றின் படமாயின் இன்னும் எளிது. மேடேறும் வண்டியில் போட்டி எண் இருக்கும்; அச்சிட்ட பட்டியலில் அவ்வெண்ணுக்கு நேரே ஓட்டுபவர் பெயரும் இருக்கும்.

மேட்டுச் சாலை நமக்கும் புதிதன்று. சிரம்பானிலிருந்து புக்கிட் தங்கா வளைவுகளைக் கடந்தே கோலா கிளாவாங்குக்கு மோட்டார்கள் வந்தன. இவ்வட்டாரத் தோட்டப் படங்களிலும் அவை நிற்கின்றன. துரையின் வண்டியை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். அதனருகே வெறுங்காலுடன் நிற்கும் பால்வெட்டுத் தொழிலாளர் யாவர்? படத்தின் பின்புறம் துரையின் பெயர் உண்டு. வண்டியின் பெயரும் உண்டு. இவர்களுக்கோ "கூலிகள்" என்ற ஒரே சொல். நாள்தோறும் பெரட்டில் கூப்பிட்ட பெயர் சம்பளக் கணக்கோடு நின்றுவிட்டது.

அண்மையில் அத்தகைய படமொன்றை ஒரு பாட்டியாரிடம் காட்டினேன். முகம் மங்கியிருந்தது. தலைத்துண்டு கட்டியிருந்த விதத்தைக் கண்டு, "இவர் எங்கள் பெரியப்பா" என்றார், பெயரும் சொன்னார். நான் வண்டிக்குச் செய்வதையே அவர் மனிதருக்குச் செய்தார்.

தோழர்களே! உங்கள் வீட்டுப் படங்களை முதியோரிடம் காட்டுங்கள். அவர்கள் சொல்லும் பெயர்களைப் பென்சிலால் பின்புறம் எழுதுங்கள். வண்டிக்கு விலைப்பட்டியல்கள் இருக்கின்றன, அது காத்திருக்கும். நம்மவர்க்குள்ள பட்டியல் அம்முதியோர் நினைவு ஒன்றே.