ஆய்வும் ஏழு பேர்ச்சஸ் நிலமும்

மலையகத்தில் இன்று வீட்டைப் பற்றிப் பேசுகிறவன் மண்ணைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழை, இந்நாட்டில் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களே மிகுதியான பலி கொடுத்தன. அதன்பின் எங்கும் ஒரே பேச்சு: மலையில் வீடு கட்டுமுன் ஆய்வு வேண்டும். வேண்டும்தான். ஆனால் அந்த ஆய்வு எதைச் சொல்ல வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்கும் உரிமை லயத்தில் வாழ்கிறவனுக்கும் உண்டல்லவா?

ஹட்டனை அடுத்த ஒரு பாடசாலையில் நான் தமிழ் கற்பிக்கிறேன். என் மாணவர்களிற் பலர் லயத்தில் பிறந்தவர்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றில் சமையலும் படிப்பும் உறக்கமும் நடத்துகிறவர்கள். ஒரு மழைக்காலத்தில் சில நாட்கள் வராதிருந்த மாணவனிடம் காரணம் கேட்டேன். "சேர், வந்து பார்த்தாங்க. இந்த லயத்துல இருக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. எங்க போறதுன்னு சொல்லல" என்றான். கோயில் மண்டபத்தில் தங்கியிருந்த அக்குடும்பம், மழை விட்டதும் அதே லயத்துக்குத் திரும்பிற்று. வேறெங்கே போவது?

இந்த வினாவுக்கு விடை கிடையாமையின் கொடுமையை 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தயில் கண்டோம். அந்தச் சரிவு ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆய்வு பிழைக்கவில்லை. மக்கள் குடியேறுவதற்கு மாற்று நிலந்தான் கிடைக்கவில்லை. மலை இறங்கி லயன்களை மூடியது.

சட்டத்தையும் சற்றுப் பார்ப்போம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாயிற்று. மதிப்பீட்டறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் 1993 ஜூன் மாத வர்த்தமானி, உணர்திறன் மிக்க பிரதேசங்களுக்கு வெளியே, 1000க்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட திட்டத்தையே இதற்குள் கொண்டுவந்தது. தோட்டங்களிலோ வீடுகள் இருபதாகவும் ஐம்பதாகவும் எழுகின்றன. இந்திய உதவியில் மத்திய, ஊவா மாகாணங்களுக்கென 4000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளும் மொத்தத்தில் பெரியவை. தோட்டந்தோட்டமாகப் பிரித்தால் சிறியவை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயத்தை இடத்துக்கிடம் பார்த்துச் சான்று தருகிறது. ஆனால் ஒரே மலையின் மேலும் கீழும் வெட்டப்படும் எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டு, மக்கள் முன் வைக்கும் மன்றம் எது?

மலைக்குத் தனித்தனிக் கணக்குத் தெரியாது. சரிவின் அடியை வெட்டினால் மேல்மண் தாங்குதலை இழக்கிறது. கூரைநீரும் கழிவுநீரும் உள்ளிறங்கினால் மண் கனத்து, துகளைத் துகள் பற்றும் வலுக் குறைகிறது. பழைய கான்கள் தூர்ந்து கிடந்தால், கொழுந்துமலைக்கு மேலே பெய்த மழை கீழ்வீட்டுச் சுவருக்குள் வழி தேடுகிறது. மேல்வீட்டின் நீரே கீழ்வீட்டின் பகையாகிறது. இதை ஒரு வீட்டின் சான்றிதழில் எப்படி அடக்குவது?

தோழர் சிலர் கேட்கிறார்கள்: "காட்டை அழித்துக் கோப்பியும், 1867க்குப்பின் தேயிலையும் நட்டவனிடம் எவரும் ஆய்வு கேட்கவில்லையே! இருநூறு ஆண்டு உழைத்தவனுக்கு ஏழு பேர்ச்சஸ் கொடுக்கும்போது மட்டும் சுற்றாடல் நினைவுக்கு வருகிறதா?" நியாயமான கோபம். ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 1900 சதுர அடி. ஏக்கரில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் அந்தக் கோபத்தால் ஆய்வைத் தள்ளினால் இழப்பவன் தொழிலாளியே. சரியும் மண்ணில் எழுப்பிய தனிவீடு, பெயர் மாறிய லயம் அன்றி வேறென்ன?

பிணக்கு வேறிடத்தில் இருக்கிறது. 1992முதல் தோட்டங்களைக் கம்பனிகள் நிருவகிக்கின்றன. நிலமோ பெரும்பாலும் அரசின் சொத்து. தேயிலை நன்றாக விளையும் மென்சரிவு கம்பனிக்கு; விளைச்சல் அற்ற செங்குத்து தொழிலாளிக்கு என்று பங்கிடப்படுமாயின், ஆய்வாளர் எவ்வளவு நேர்மையானவராயினும் அவர் முன் வைக்கப்படுவது அந்தச் செங்குத்து மட்டுமே. அவர் "ஆகாது" என்பார். வீடும் நின்றுபோகும். லயம் தொடரும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது குறைந்த ஆய்வு அன்று, முழுமையான ஆய்வு. ஒரு தோட்டத்தின் முழு நிலமும், தேயிலை நிற்கும் நல்ல நிலமும் உட்பட, ஆராயப்பட வேண்டும். ஒரு சரிவில் எழும் எல்லா வீடுகளும் ஒரே திட்டமாகக் கொள்ளப்பட வேண்டும். கான் வெட்டும் செலவும் அதைக் காக்கும் பொறுப்பும் எவருடையவை என்று அதில் எழுதப்பட வேண்டும். அறிக்கை தமிழில் வந்து, பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் உரக்க வாசிக்கப்பட்டு, கேள்விகளுக்கு இடம் தரப்பட வேண்டும். "இங்கே இராதே" என்று எழுதும் கை, "இதோ உன் நிலம், இதோ உன் உறுதி" என்றும் அதே தாளில் எழுதட்டும். ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் அந்தத் தாளை வாசிக்கவும், வாசித்துக் காட்டவும் இன்றே பழகிக்கொள்வோம்.