கல்மலைக் குழியும் முப்பது அடிக் கயிறும்



போன போயா லீவில், கலாசாலையில் ஒன்றாகப் படித்த நாங்கள் நாலு பேர் இரண்டு மோட்டர் சைக்கிளில் வயல்வெளி தாண்டி மேற்கே போனோம். கல் உடைத்துக் கைவிட்ட மலையைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

போய்ப் பார்த்தால் பாதி மலையைக் காணோம். வெட்டிய முகத்தில் வெடித் துளைகளின் தடம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக நிற்கிறது. ஒதுங்கிக் கிடந்த சில கற்களில் ஆப்பு இறக்கிய சிறு குழிகள் வரிசையாக இருந்தன. அது கையால் பிளந்த வேலை. எங்கள் வீட்டு அத்திவாரம், வீதி, ஒலுவில் பக்கம் கடல் அரிக்கிற கரையில் கொட்டிய கல் எல்லாம் இப்படியான மலைகளில் இருந்துதானே வந்தது.

நடுவில் பச்சை நிறத்தில் தண்ணீர். பார்சலைச் சாப்பிட்டு, லுஹர் தொழுதுவிட்டுக் குளிப்பதாக இருந்தோம். சாரனும் கொண்டுபோயிருந்தோம். அந்நேரம் மூன்று பொடியன்கள் சைக்கிளில் வந்தார்கள். எங்கள் பாடசாலைப் பிள்ளைகள்.

"சேர், நீங்களும் குளிக்கவா வந்தீங்க?"

பதில் சொல்ல வாய் வரவில்லை.

பைக்கில் கட்டியிருந்த கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி, விளிம்பில் நின்றே இறக்கினோம். முப்பது அடிக் கயிறும் முடிந்தது. கல் தரை தட்டவில்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நாங்களும்தான்.

குளம் என்றால் கரை சரிவாக இறங்கும், கால் தட்டுப்படும். இது வெட்டிய சுவர். முதல் அடியிலேயே ஆழம். மேல் தண்ணீர் வெயிலில் சூடாக இருந்தாலும் கீழே குளிர்.  ஏறிவரப் பிடிமானம் இல்லை, பாசி வழுக்கும். நீந்தத் தெரிந்தவனுக்கும் இதே கதைதான்.

சாரனை மடித்து வைத்தோம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே ஊர் திரும்பினோம். அல்ஹம்துலில்லாஹ்.

பெற்றோரே, லீவு நாளில் பிள்ளை எங்கே குளிக்கிறது என்று கேளுங்கள். ஏசாமல் கேளுங்கள்; ஏசினால் அடுத்த முறை சொல்லாது. ஜும்ஆவில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாலும் நல்லது. இன்ஷா அல்லாஹ், காலைக் கூட்டத்தில் அந்தக் கயிற்றை விரித்துக் காட்டப் போகிறோம். நாங்களும் அதில் இறங்கத்தான் போனோம் என்பதையும் மறைக்காமல் சொல்வோம்.