தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகுமா?

கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷம் ஆகிறது. இந்த ஊரில் 'மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?' என்று கேட்டுவிட்டுத்தான் டீயே வாங்கிக் கொடுப்பார்கள். 'ரெண்டும் இல்லைங்க, நான் கும்பகோணம்' என்று சொல்லி இதுவரை தப்பித்து வருகிறேன் :-) ஆனாலும் தினமும் காதில் விழுந்து விழுந்து, கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கும் ஃபுட்பால் கொஞ்சம் பிடிபட்டுவிட்டது. அந்த விளையாட்டில் ஒரு விஷயம் மட்டும் எனக்குள் இருக்கும் பேங்க்காரனை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

2014 ஜூலை 13. ரியோ டி ஜெனிரோ, மரகானா மைதானம். ஜெர்மனிக்கும் அர்ஜென்டினாவுக்கும் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் க்ராமர் அன்றைக்குக் கடைசி நேரத்தில்தான் அணிக்குள் வந்தவர். 17-வது நிமிடத்தில் அர்ஜென்டினாவின் காராய் தோள்பட்டை அவர் முகத்தில் பலமாக இடித்தது. விழுந்தார், சிகிச்சை கொடுத்தார்கள், எழுந்து மறுபடி ஆட வந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து நடுவர் ரிஸ்ஸோலியிடம் போய், இது ஃபைனலா என்று கேட்டிருக்கிறார். நடுவர் முதலில் ஏதோ தமாஷ் என்று நினைத்தார். அப்புறம் நிலைமை புரிந்து ஷ்வைன்ஸ்டைகரிடம் சொன்னார். 31-வது நிமிடத்தில்தான் க்ராமரை வெளியே அழைத்தார்கள். அந்த முதல் பாதியில் பெரும்பகுதி தனக்கு நினைவே இல்லை என்று பிறகு அவரே சொன்னார்.

இந்தக் கதையை எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்த ஆட்டத்தில் ஆடுகிறோம் என்றே தெரியாத ஒருவர், உலகமே பார்த்துக்கொண்டிருக்க, 14 நிமிடம் மைதானத்தில் இருந்திருக்கிறார். அணியின் டாக்டர் இருந்தார், பயிற்சியாளர் இருந்தார், சக ஆட்டக்காரர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். விஷயம் வெளியே வந்ததோ நடுவர் மூலமாக. யார் ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான் என்றிருந்த ஒரே ஆள் அவர்தான்.

கன்கஷன் என்கிறார்களே, அது என்ன? தலையிலோ உடம்பிலோ விழும் அடியின் வேகத்தில் மண்டைக்குள் மூளை குலுங்கிப் போய், அதன் வேலை தற்காலிகமாகத் தடுமாறுவது. மயக்கம் போட்டு விழ வேண்டும் என்ற கட்டாயமில்லை. ரத்தம் வராது. சி.டி. ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் நார்மல் என்றே வரும். தலைவலி, குமட்டல், குழப்பம் எல்லாம் சில மணி நேரம் கழித்தும் ஆரம்பிக்கலாம். அது ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் ஆபத்து பல மடங்கு. அபூர்வம்தான் என்றாலும், சின்ன வயதுப் பிள்ளைகளுக்கு அதில் உயிரே போயிருக்கிறது.

இதில் முக்கியமான சங்கதி, பழுதாகியிருப்பது மூளை. அந்த மூளையிடமே போய், 'என்னப்பா, ஓகேவா?' என்று கேட்கிறோம். அதுவும் 'ஓகே' என்கிறது. எழுதி பாஸ் பண்ணிவிடுகிறோம்.

பேங்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு இது எவ்வளவு அபத்தம் என்று உடனே புரியும். எங்களிடம் மேக்கர்-செக்கர் என்று ஒரு ஏற்பாடு உண்டு. வவுச்சரை என்ட்ரி போடுபவர் ஒருவர், பாஸ் பண்ணுபவர் இன்னொருவர். போட்டவரே பாஸ் பண்ண சிஸ்டம் விடாது. மேக்கர் திருடன் என்பதால் அல்ல. தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்பதால். முக்கியமான சீட்டில் இருப்பவர்களை வருஷத்துக்கு ஒரு தடவை, தொடர்ச்சியாகப் பத்து வேலை நாளாவது, முன்கூட்டிச் சொல்லாமல் லீவில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் பேங்க் விதியே இருக்கிறது. அந்த லீவை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஃபுட்பாலில் செக்கர் யார்? ஆட்டக்காரருக்கு இடம் போய்விடுமோ என்ற பயம். பயிற்சியாளருக்கு வேலை போய்விடுமோ என்ற பயம். டாக்டருக்குச் சம்பளம் கொடுப்பது அதே கிளப்.

அதே 2014 உலகக் கோப்பையில் உருகுவேயின் ஆல்வரோ பெரைரா, இங்கிலாந்து வீரர் ஸ்டெர்லிங்கின் முழங்கால் தலையில் பட்டு நினைவிழந்து விழுந்தார். மாற்று ஆளை அனுப்பச் சொல்லி டாக்டர் சைகை காட்டினார். பெரைரா எழுந்து டாக்டரோடு சண்டை பிடித்துத் திரும்ப உள்ளே போய்விட்டார். செக்கர் ரிஜெக்ட் பண்ணியதை மேக்கரே ஓவர்ரூல் பண்ணிய மாதிரி!

எட்டு வருஷம் கழித்து 2022 கத்தார். இரானின் கோல்கீப்பர் பெய்ரன்வாந்த் சொந்த அணிக்காரர் மீதே மோதி விழுந்தார். அதற்குள் விதிகள் மாறியிருந்தன. தலையில் அடி என்றால் கூடுதலாக ஒரு மாற்று ஆளை இறக்கலாம். அப்படியும் நீண்ட சிகிச்சைக்குப் பிறகு அவர் ஆடத்தான் வந்தார். சற்று நேரத்தில் தானே தரையில் உட்கார்ந்து கையைக் காட்டிய பிறகுதான் ஸ்ட்ரெச்சரில் போனார்.

இவையெல்லாம் ஒரே அடியின் கதை. தலையால் பந்தை முட்டி முட்டி வரும் சேதம் வேறு கதை. இங்கிலாந்தின் வெஸ்ட் ப்ரோம் அணிக்கு ஆடிய ஜெஃப் ஆஸில், 1968-ல் எஃப்.ஏ. கோப்பை ஃபைனலில் வெற்றி கோலை அடித்தவர். தலையால் முட்டுவதில் கெட்டிக்காரர். மறதி நோய் முற்றி 2002-ல் 59 வயதில் இறந்தார். மரண விசாரணை அதிகாரி கொடுத்த தீர்ப்பு, 'தொழில்சார் நோய்'. சுரங்கத் தொழிலாளிக்கு நுரையீரல் கெடுகிற மாதிரி! 2014-ல் அவருடைய மூளையை மறுபடி ஆராய்ந்தபோது சி.டி.இ. என்கிற நோய் இருந்தது தெரிந்தது. திரும்பத் திரும்ப அடிபட்ட தலைகளில் காணப்படும் நோய் இது. 1958-ல் பிரேசிலுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த கேப்டன் பெலினி 2014-ல் இறந்தார். அவர் மூளையிலும் அதே நோய்.

2019-ல் ஸ்காட்லாந்தில் 7,676 முன்னாள் ஆட்டக்காரர்களை வைத்து ஆய்வு முடிவு ஒன்று வந்தது. மூளைச் சிதைவு நோய்களால் இறப்பது பொதுமக்களைவிட அவர்களிடம் மூன்றரை மடங்கு. நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இதய நோயிலும் நுரையீரல் புற்றுநோயிலும் இறந்தவர்கள் அவர்களில் குறைவு. விளையாட்டு உடம்புக்கு நல்லது செய்திருக்கிறது, தலைக்குச் செய்யவில்லை. 2021-ல் அதே ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்ததில், நிறைய ஹெட்டர் செய்கிற டிஃபெண்டர்களுக்கு ஆபத்து அதிகம். கோல்கீப்பர்களுக்குக் குறிப்பிடும்படி கூடவில்லை.

எனக்கு இது நாளைய என்.பி.ஏ. மாதிரி தெரிகிறது. இன்றைக்குக் கணக்கு 'ஸ்டாண்டர்ட்' ஆகத்தான் இருக்கும். முப்பது வருஷம் கழித்து வாராக்கடன் ஆகும்போது, கடன் கொடுத்த மேனேஜர் ரிட்டயர் ஆகிப் போயிருப்பார். பாக்கியைக் கட்டுவது, ஆட்டக்காரரைக் குளிப்பாட்டிச் சாப்பாடு ஊட்டுகிற மனைவி மக்கள்.

இப்போது நிலைமை கொஞ்சம் தேவலை. கன்கஷனுக்கான கூடுதல் மாற்று ஆட்டக்காரர் 2021-ல் சோதனையாக வந்து, 2024-25 விதிப் புத்தகத்தில், வேண்டுகிற போட்டிகள் எடுத்துக்கொள்ளலாம் என்று நிரந்தர இடம் பிடித்துவிட்டார். இங்கிலாந்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஹெட்டர் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆனால் ரக்பியில் செய்வதுபோல, ஆளை வெளியே கூட்டிப் போய் 12 நிமிடம் நிதானமாகச் சோதித்து, அதுவரை தற்காலிகமாக வேறு ஒருவரை ஆட விடலாமே என்று ஆட்டக்காரர் சங்கமும் சில பெரிய லீக்குகளும் கேட்டன. 2023-ல் விதிகளை வகுக்கும் அமைப்பு அதற்குச் சம்மதிக்கவில்லை.

'மிஸ்யூஸ் பண்ணுவாங்க சார்' என்பீர்கள். பண்ணலாம். நம் கிரிக்கெட்டையே பாருங்கள். 2020 டிசம்பரில் கான்பெராவில் ஜடேஜாவுக்குப் பதிலாக வந்த சாஹல் மூன்று விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். 2025 ஜனவரியில் புனேயில் ஷிவம் துபேக்குப் பதில் வந்த ஹர்ஷித் ராணாவும் மூன்று விக்கெட். இரண்டு முறையும் ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் முகம் சுளித்தன. சரி, பாஸ்வேர்டைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிற ஆபீசர்களும்தான் உண்டு. அதற்காக மேக்கர்-செக்கரை எடுத்துவிடவா சொல்கிறோம்?

செக்கர் பெயருக்கு இருந்தாலும் போதாது. அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டத்தில் அணி சாராத நரம்பியல் நிபுணர்களே மைதானத்தில் நிற்கிறார்கள். 2022 செப்டம்பரில் மயாமியின் டுவா டகோவய்லோவா அடிபட்டுத் தள்ளாடியதை நாடே டி.வி.யில் பார்த்தது. முதுகுவலி என்று சொல்லித் திரும்ப ஆட விட்டார்கள். நாலே நாளில் அடுத்த ஆட்டத்தில் மறுபடி அடி, ஸ்ட்ரெச்சர். அந்த நிபுணரை நீக்கிவிட்டு, தள்ளாட்டம் கண்டாலே ஆள் வெளியே என்று விதியை மாற்றினார்கள். செக்கருக்கு விருப்புரிமையைக் குறைத்தது சரியான காரியம்.

நம்ம ஊருக்கு வருவோம். 2004 டிசம்பரில் பெங்களூரில் ஃபெடரேஷன் கோப்பை ஃபைனலில், டெம்போவின் கிறிஸ்டியானோ ஜூனியர் தன் இரண்டாவது கோலைப் போடும்போது மோகன் பகான் கோல்கீப்பரோடு மோதி இறந்துபோனார். அது தலையில் பட்ட அடி அல்ல, இதயம் நின்றுபோனது. ஆனால் மைதானத்தில் மருத்துவ ஏற்பாடு எந்த லட்சணத்தில் இருந்தது என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. பெரிய ஃபைனலுக்கே அப்படி என்றால் சின்ன மைதானங்களில் கேட்கவே வேண்டாம்.

எங்கள் கிளையில் கேஷில் இருக்கும் ஒரு வங்காளி நண்பரின் பையனுக்கு 14 வயது, ஸ்ட்ரைக்கர். போன வருஷம் ஒரு மேட்ச்சில் கோல்கீப்பரோடு தலை மோதி விழுந்தான். கோச் தலையில் தண்ணீரை ஊற்றி, 'டீக் ஆச்சிஸ்?' என்றாராம். பையன் ஆமாம் என்றான். முழு ஆட்டமும் ஆடினான். வீடு திரும்பும் லோக்கல் ட்ரெயினில் வாந்தி. ஸ்கேன் நார்மல். அடுத்த ஞாயிறு ஒரு பெரிய கிளப்பின் அகாடமிக்கு ஆள் எடுக்கும் ட்ரையல்.

'தாதா, அனுப்பலாமா?' என்று என்னைக் கேட்டார். நான் டாக்டர் இல்லை. 'அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஆட வேண்டும் என்று ஆசைப்படாத ஒரு ஆள் உங்கள் பக்கம் உண்டா?' என்று மட்டும் கேட்டேன். யோசித்துவிட்டு, 'இல்லை' என்றார். 'அப்போ ட்ரையலைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒரு நியூராலஜிஸ்ட்டிடம் காட்டுங்க தாதா. அவர் சொல்வதுதான் முடிவு' என்றேன். டாக்டர் மூன்று வாரம் கூடாது என்றார். பிரிட்டனில் 2023-ல் சாதாரண ஆட்டக்காரர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டலும், 21 நாளுக்கு முன் போட்டிக்குத் திரும்பாதே என்றுதான் சொல்கிறது.

பையன் போகவில்லை. அவன் இடத்துக்கு வேறு பையன் தேர்வானான். அப்பாவோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. நண்பருக்கு அது பெரிய வலி. 'நல்லதுதான் செய்தீங்க' என்று சொல்வது சுலபம். அந்தப் பதினாலு வயதுக்குப் போன ட்ரையல் நிஜமாகவே போனதுதான்.

அதனால்தான் இந்த முடிவைப் பையனிடமோ கோச்சிடமோ ஆசையோடு இருக்கும் அப்பாவிடமோ விடக்கூடாது என்கிறேன். விதி முடிவெடுத்தால் யாரும் யாரையும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. தலையில் பலமாக அடிபட்டு, கன்கஷனோ என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, அளவுக்கு மீறிய தூக்கம், உளறல் இவற்றில் ஏதாவது இருந்தால் நேரே ஆஸ்பத்திரி. இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஆட்டத்தின் முடிவில் அக்கறை இல்லாத ஒரே ஒரு ஆள் மைதானத்தில் வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த முறை உங்கள் பிள்ளையை மேட்ச்சுக்கு அழைத்துப் போகும்போது, அங்கே அந்த ஆள் யார் என்று ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே கேட்டு வையுங்கள்.