ஒன்றைக் கூட்ட மறந்த கணக்கு

திருப்பெரும்புதூரையும் சிங்கப்பெருமாள்கோவிலையும் இணைக்கும் சாலையில் உள்ளது ஒரகடம். திருவொற்றியூரில் நெடுங்காலம் உருவாகிவந்த ராயல் என்பீல்டு வண்டிகள் 2013ஆம் ஆண்டு முதல் இவ்வூரிலும் உருவாகின்றன. இவ்வட்டாரத் தொழிற்சாலை ஒன்றின் நேர்காணலுக்குப் பட்டயப் படிப்பு முடித்த எம் இளவல் சென்றான்.

“சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டனின் வீச்சு 90 மில்லிமீட்டர், எரியறையின் கொள்ளளவு 46 கன சென்டிமீட்டர். அமுக்க விகிதம் யாது?” என்று வினவினர். “7.5” என்றான். வாய்ப்புக் கை நழுவியது.

“சூத்திரம் மனப்பாடம் அண்ணா, பொருள்தான் விளங்கவில்லை” என்று அவன் கலங்கியபோது, தமிழ் கற்பிக்கும் நமக்கு ஆறுதல் சொல்லவும் தெரியவில்லை.

எந்தையாரின் பழைய 346 சி.சி. புல்லட் முற்றத்தில் நின்றது. இருவருமாக ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினோம். இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை உச்சிக்குக் கொணர்ந்தோம். துளை மேல்நோக்குமாறு வண்டியைச் சாய்த்து, சிரிஞ்சினால் எண்ணெயை அளந்து ஊற்றினோம். ஏறத்தாழ 46 மில்லிலிட்டரில் நிறைந்தது.

உண்மை அப்போதுதான் புலப்பட்டது. பிஸ்டன் கீழே இருக்கையில் வாயு நிறைந்திருக்கும் இடம் 346 மட்டுமன்று. மேலேயுள்ள 46உம் சேர்ந்து 392. அந்த 392 கன சென்டிமீட்டர் வாயு 46க்குள் அடங்குகிறது. 392ஐ 46ஆல் வகுத்தால் 8.5. இளவலோ 346ஐ மட்டும் வகுத்தான். எரியறையைக் கூட்ட மறந்தான். எந்த எஞ்சினாயினும் இப்பிழையால் விடையில் சரியாக ஒன்று குறையும்.

அந்த ஒன்று சிறிதன்று. 2020இல் வந்த 349 சி.சி. எஞ்சினில் இவ்விகிதம் 9.5. ஆட்டோ சுழற்சிக் கோட்பாட்டின்படி, 8.5இல் ஏறத்தாழ 57.5 விழுக்காடாக உள்ள வெப்பத்திறன் 9.5இல் 59.4ஆக உயர்கிறது. நடைமுறையில் கிட்டும் திறன் இதனினும் மிகக் குறைவே. அளவு மீறி அமுக்கினாலோ பெட்ரோல் கலவை தானே வெடித்து எஞ்சினைத் தட்டும். காற்றை மட்டும் அமுக்கி, பின்னர் எரிபொருளைப் பீச்சும் டீசல் எஞ்சினுக்கே உயர்ந்த விகிதம் பொருந்தும்.

இளவல் மீண்டும் விண்ணப்பித்திருக்கிறான். அழைப்பு இன்னும் வரவில்லை. ஆயினும் இப்போது அவன் கணக்கைச் சொல்லும்போது குரலில் நடுக்கமில்லை. மாணவச் செல்வங்களே, சூத்திரத்தை ஒப்பிக்குமுன் அது எந்த இடத்தை அளக்கிறது என்று கேளுங்கள். எம் வகுப்பிலும் இனி நூற்பாவைப் பொருளின்றி ஒப்பிக்கச் சொல்வதில்லை என உறுதி பூண்டோம்.