பல்லை எண்ணினாயா?

தில்லிக் குளிர் எனக்கு மட்டுமன்று, அப்பா தந்த பழைய மோட்டார் சைக்கிளுக்கும் ஆகவில்லை. எஞ்சின் எண்ணெய் தடிக்கிறது, பாட்டரி சோர்கிறது, ஸ்டார்ட்டர் முனகி ஓய்கிறது. உதைத்துக் கிளப்பவோ கிக்கர் கிடையாது!

உதவித்தொகையில் மிச்சம் பிடித்துப் புதுவகை ஸ்டார்ட்டர் வாங்கினேன். சிறியதுதான், ஆனால் உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் சுழலும் வேகத்தைக் குறைத்துத் திருப்புவிசையைப் பெருக்கும். இந்தி பேசக் கூசி, பட்டறைக்குப் போகாமல், போல்ட் துளைகளை அளந்து நானே மாட்டினேன். பொத்தானை அழுத்தினால் ஒரே கரகரப்பு!

வேறு வழியின்றிப் பட்டறைக்குத் தள்ளிச் சென்றேன். பெரியவர் கழற்றிப் பார்த்து, “பல்லை எண்ணினாயா, பேட்டா?” என்றார். எம்.எஸ்ஸி. மாணவன் எண்ணவில்லை! சரியான பற்களுள்ளதை மாற்றி வந்தேன். வண்டி உறுமியது, அவர் தேநீர் தந்தார்.

நண்பர்களே, துளை பொருந்தினால் போதாது, பல்லும் பொருந்தவேண்டும். ஈராண்டாக இவ்வூரில் துளையில் மட்டுமே பொருந்தியிருந்தேன்.